தோற்றுத் தேறிய பொறி

நுழையும்முன்

சதுரங்கம் மனித அறிவின் உரைகல்லாக நெடுங்காலம் கருதப்பட்டது. இன்று கைப்பேசியில் இயங்கும் ஒரு மென்பொருள் உலக வாகையர்களையும் விஞ்சி ஆடுகிறது. இவ்வாற்றல் ஒரே நாளில் வந்ததன்று. ஒரு மேதை மட்டும் தந்ததுமன்று. ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்களை முயன்று, ஒவ்வொன்றையும் நடுநிலையோடு சோதித்து, தவறியவற்றைத் தயங்காமல் விலக்கியதால் வளர்ந்தது அது. அந்த வளர்ச்சியின் வழியை விளக்குகிறது இக்கட்டுரை.

தாளில் ஆடிய கணினி

1952ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விந்தையான சதுரங்க ஆட்டம் ஒன்று நடந்தது. ஒருபுறம் அலிக் கிளென்னி என்னும் கணினி அறிஞர். மறுபுறம் கணிதமேதை ஆலன் டூரிங். ஆனால், டூரிங் தம் விருப்பப்படி ஆடவில்லை. 1948இல் தாமும் தம் நண்பர் டேவிட் சாம்பர்நௌனும் வகுக்கத் தொடங்கிய விதிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவ்விதிகள் காட்டிய காயை மட்டுமே நகர்த்தினார். அந்நிரலை இயக்கத்தக்க கணினி அன்று கிடைக்காமையால் டூரிங்கே கணினியாக அமர்ந்து கணக்கிட்டார். ஒரு நகர்வைக் கண்டறிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. 29ஆம் நகர்வில் தாள் நிரல் தோற்றது.

சதுரங்கம் ஆடும் மென்பொருளில், நகர்வுகளைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் மையப் பகுதியைச் ‘சதுரங்கப் பொறி’ என்பர். டூரிங்கின் தாள் நிரலை அத்தகைய பொறிகளின் முன்னோடி எனலாம். அது தோற்றது வியப்பன்று. தோற்ற பொறி ஏன் தோற்றது, அடுத்த பதிப்பில் எதை மாற்ற வேண்டும் என்னும் வினாக்களே பின்வந்த எழுபது ஆண்டுகளின் வரலாறாக விரிந்தன.

பெருகும் பாதைகள்

சதுரங்கத்தில் வெள்ளைக் காய்களுடன் ஆடுபவர் முதல் நகர்வை 20 வகைகளில் ஆடலாம். எட்டுக் காலாள்களுக்கு 16 வழிகள். இரு குதிரைகளுக்கு 4 வழிகள். கறுப்புக் காய்களுக்கும் 20 வழிகள் உண்டு. ஆகவே, இருவரும் ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் 400 வழிகள் தோன்றிவிடுகின்றன. மூன்றாம் நகர்வின் முடிவில் 8,902. நான்காம் நகர்வின் முடிவில் 1,97,281. ஐந்தாம் நகர்வின் முடிவில் 48,65,609. ஆட்டத்தின் இறுதிவரை எல்லாப் பாதைகளையும் எண்ணி முடிக்க எந்தக் கணினியாலும் இயலாது.

இவ்வெண்கள் பொறியை உருவாக்குவோர்க்கு முதற்சோதனையாகவும் பயன்படுகின்றன. புதிய நிரல் ஒன்று ஐந்தாம் நகர்வின் முடிவில் 48,65,609 என்னும் எண்ணைத் தரவில்லையெனில், அது ஏதோ ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது தெளிவு. நன்றாக ஆடுவதற்குமுன் சரியாக ஆட வேண்டும். பொறியின் முதற்பதிப்புக்கு இலக்கணம் இதுவே.

தேடலும் மதிப்பீடும்

சதுரங்கப் பொறியின் அறிவு இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது. ஒன்று தேடல், மற்றொன்று மதிப்பீடு. அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விரண்டையும் தெளிவாக வரையறுத்தார்.

‘நான் இவ்வாறு ஆடினால் எதிராளி எவ்வாறு ஆடுவார்? அதற்கு என் விடை யாது?’ என்று முன்னோக்கிச் செல்வது தேடல். எதிராளி எப்போதும் தமக்கு மிக நன்மையானதையே ஆடுவார் எனக் கொண்டு, அந்நிலையிலும் தனக்குக் குறைந்த தீங்கு தரும் வழியைப் பொறி தேர்ந்தெடுக்கும். ஆயினும், தேடல் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நின்ற இடத்தில் எவர் கை ஓங்கியுள்ளது என்பதை எண்ணால் குறிப்பது மதிப்பீடு. காலாளுக்கு 1, குதிரைக்கும் அமைச்சருக்கும் 3, கோட்டைக்கு 5, அரசிக்கு 9 என்பது பழைமையான கணக்கு. அரசனின் பாதுகாப்பு, காலாள்களின் அணிவகுப்பு, காய்கள் இயங்கக் கிடைக்கும் வெளி ஆகியவற்றையும் எண்களாக்கி இதனோடு கூட்டுவர்.

தேடலின் சுமையைக் குறைக்க ‘ஆல்பா-பீட்டா வெட்டு’ என்னும் முறை உதவுகிறது. ஒரு நகர்வை ஆடினால் எதிராளி அடுத்த நகர்விலேயே அரசியை ஈடின்றிப் பறித்துவிடுவார் எனத் தெரிந்தால், அந்நகர்வுக்கு அவரிடமுள்ள மற்ற விடைகளை ஆராய வேண்டியதில்லை. ஒரு நகர்வை விலக்குவதற்கு ஒரு நல்ல காரணமே போதும். ஒவ்வொரு நிலையிலும் 30 நகர்வுகள் உள்ளன எனக் கொண்டால், நான்கு நகர்வு ஆழத்திற்கு 8,10,000 முடிவுநிலைகளைக் காண வேண்டியிருக்கும். சிறந்த நகர்வுகளை முதலில் ஆராயும் வகையில் வரிசைப்படுத்தி ஆல்பா-பீட்டா வெட்டைப் பயன்படுத்தினால், ஏறத்தாழ 1,800 நிலைகளைக் கண்டாலே அதே விடை கிடைத்துவிடும்.

திருத்தமும் புதிய பிழையும்

ஒரு குறையைப் போக்கும் திருத்தம் வேறொரு குறையைத் தோற்றுவிப்பதுண்டு. மூன்று நகர்வு ஆழத்தோடு நின்றுவிடும் பொறியைச் சான்றாகக் கொள்ளலாம். மூன்றாம் நகர்வில் அதன் அரசி எதிராளியின் காலாளை வெட்டுகிறது. ஒரு காலாள் கிடைத்தது எனப் பொறி மகிழ்ந்து தேடலை முடிக்கிறது. ஆனால், அக்காலாளுக்குக் காவலாக நின்ற குதிரை, நான்காம் நகர்வில் அரசியைப் பறித்துவிடும். பொறியின் பார்வை எல்லைக்கு அப்பால் நின்ற இடரை அது காணவில்லை. இதனைத் ‘தொடுவான விளைவு’ என்பர். வெட்டும் நகர்வுகள் ஓய்ந்து ஆட்டக்களம் அமைதியடையும்வரை தேடலை நீட்டிப்பதே இதற்குரிய மருந்து.

மற்றொரு சான்று, ‘வெற்று நகர்வு’ என்னும் உத்தி. தன் முறை வரும்போது ஆடாமல் விட்டுக்கொடுத்து, எதிராளியைத் தொடர்ந்து இருமுறை ஆடவிட்டாலும் தன் நிலை ஓங்கியே இருக்குமாயின், அந்தப் பாதையை மேலும் ஆராயத் தேவையில்லை எனப் பொறி முடிவு செய்யும். இதனால் பெருமளவு நேரம் மிஞ்சும். எனினும், ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இவ்வுத்தி ஏமாற்றிவிடும். அரசனும் சில காலாள்களும் மட்டுமே எஞ்சிய நிலைகளில், எந்தக் காயை நகர்த்தினாலும் கேடு என்னும் நெருக்கடி நேர்வதுண்டு. அங்கு ஆடாமல் இருப்பதே நன்மை. ஆட்டவிதியோ ஆடியே தீர வேண்டும் என்கிறது. ஆதலால், அத்தகைய நிலைகளில் இவ்வுத்தியைப் பயன்படுத்தலாகாது என்னும் விதிவிலக்கையும் நிரலில் சேர்த்தனர்.

தெரிந்து தெளிவோம்

ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘டீப் புளூ’ கணினி, 1996இல் பிலடெல்பியாவில் உலக வாகையர் கேரி காஸ்பரோவிடம் 2–4 எனத் தோற்றது. திருத்தி வலுவூட்டப்பட்ட அடுத்த வடிவம், 1997 மே மாதம் நியூயார்க்கில் அவரை 3.5–2.5 என வென்றது. அது நொடிக்கு 20 கோடி நிலைகள்வரை ஆராயும் ஆற்றல் பெற்றிருந்தது.

உலர்மீனின் பெயர் பெற்ற பொறி

நார்வே நாட்டைச் சேர்ந்த டோர்ட் ரோம்ஸ்டாட், 2004இல் ‘கிளௌருங்’ என்னும் சதுரங்கப் பொறியை வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இத்தகையவற்றைக் கட்டற்ற மென்பொருள்கள் என்பர். இத்தாலியைச் சேர்ந்த மார்கோ கோஸ்டால்பா அந்நிரலை அடிப்படையாகக் கொண்டு, 2008 நவம்பரில் புதிய பொறி ஒன்றை வெளியிட்டார். நார்வேயில் உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்தப்படும் மீனுக்கு ‘ஸ்டாக்ஃபிஷ்’ என்பது பெயர். நார்வேயில் உருவாகி இத்தாலியில் சமைக்கப்பட்டது என்னும் குறிப்போடு, பொறிக்கும் அப்பெயரே சூட்டப்பட்டது. பின்லாந்தைச் சேர்ந்த யூனா கீஸ்கியும் இப்பணியில் இணைந்தார். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்துத் திருத்தும் இம்மரபே ஸ்டாக்ஃபிஷின் அடித்தளமாயிற்று.

பலர் திருத்தத் தொடங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. ‘என் மாற்றத்தால் பொறி நன்றாக ஆடுகிறது’ என ஒவ்வொருவரும் கூறலாம். எது உண்மையான முன்னேற்றம் என்பதை யார் முடிவு செய்வது?

நூறு ஆட்டங்கள் போதா

ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் 55 முறை தலை விழுவது இயல்பே. அதைக்கொண்டு நாணயத்தில் கோளாறு எனக் கூறிவிட முடியாது. அதுபோல, புதிய பதிப்பு பழைய பதிப்போடு நூறு ஆட்டங்கள் ஆடி 52–48 என வென்றால், அது திறமையா தற்செயலா என்று சொல்ல இயலாது.

ஆட்டக்காரர்களின் வலிமையை ‘எலோ’ புள்ளிகளால் அளப்பர். அர்பாட் எலோ என்னும் இயற்பியலாளர் வகுத்த முறை அது. முதிர்ந்த பொறியில் ஒரு நல்ல மாற்றம் பெரும்பாலும் ஓரிரு புள்ளிகளை மட்டுமே கூட்டும். ஐந்து புள்ளிகள் கூடினாலும், நூறு ஆட்டங்களில் எதிர்பார்க்கத்தக்க மதிப்பு 50.7 மட்டுமே. இச்சிறு வேறுபாட்டைத் தற்செயலிலிருந்து பிரித்தறியப் பல்லாயிரம் ஆட்டங்கள் தேவை. எனினும், இத்தகைய சிறு துளிகளே பெருவெள்ளமாகின்றன. ஐந்து புள்ளி தரும் மாற்றங்கள் இருபது சேர்ந்தால் நூறு புள்ளிகள். அப்போது நூறு ஆட்டங்களில் 64 மதிப்பைப் புதிய பதிப்பு பெறும்.

பொதுமக்களின் ஆய்வுக்களம்

பல்லாயிரம் ஆட்டங்களை நடத்தத் தனியொருவரின் கணினி போதாது. 2013இல் கேரி லின்ஸ்காட் என்னும் நிரலாளர் ‘ஃபிஷ்டெஸ்ட்’ என்னும் ஆய்வுக்களத்தை உருவாக்கி, இத்தடையை நீக்கினார். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை இக்களத்திற்கு வழங்குகின்றனர். ஒருவர் ஒரு மாற்றத்தை முன்வைத்தால், அம்மாற்றம் கொண்ட பொறியும் மாற்றமற்ற பொறியும் அக்கணினிகளில் மோதுகின்றன. ஒரே தொடக்க நிலையிலிருந்து இரு பொறிகளும் வெள்ளை, கறுப்பு என நிறம் மாற்றி ஆடுவதால், எப்பக்கமும் சலுகை பெறுவதில்லை.

எத்தனை ஆட்டங்களுக்குப்பின் நிறுத்துவது என்பதையும் மனிதர் முடிவு செய்வதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது, போர்த்தளவாடங்களின் தரத்தைக் குறைந்த சோதனைகளால் அறிவதற்காக, ஆபிரகாம் வால்ட் என்னும் கணித அறிஞர் தொடர் சோதனை முறை ஒன்றை வகுத்தார். அம்முறையே இங்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு முடிவும் வந்து சேரச்சேர, ‘மாற்றம் பயனுடையது’, ‘பயனற்றது’ என்னும் இரு எல்லைகளுள் எதனைச் சான்று தொடுகிறது எனக் கணக்கிடப்படும். ஓர் எல்லையைத் தொட்டவுடன் சோதனை நின்றுவிடும். முதலில், ஓர் ஆட்டக்காரருக்கு ஆட்டம் முழுமைக்கும் 10 நொடிகளும் நகர்வுக்கு 0.1 நொடியும் தரும் விரைவு ஆட்டங்கள். அவற்றில் தேறினால், 60 நொடிகளும் நகர்வுக்கு 0.6 நொடியும் தரும் நீள் ஆட்டங்கள். இரண்டிலும் தேறியதே பொறியில் சேரும்.

முன்வைக்கப்படும் மாற்றங்களுள் பெரும்பாலானவை தோற்கின்றன. சதுரங்க வல்லுநர் ஒருவர் நெடுநாள் எண்ணி எழுதிய அழகிய கருத்தும் தோற்கலாம்; புதியவர் ஒருவர் ஓர் எண்ணைச் சற்றே மாற்றியது வெல்லலாம். இங்குப் பெயரோ புகழோ பேசுவதில்லை. ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ அதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்னும் குறள்நெறியை இயந்திர உலகில் நடைமுறைப்படுத்திய களம் அது.

களையும் களைதல்

நாள்தோறும் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே சென்றால், நிரல் புதராகிவிடும். எப்பகுதி ஏன் எழுதப்பட்டது என்பதே விளங்காது. ஆகவே, சேர்ப்பதைப் போலவே நீக்குவதும் ஸ்டாக்ஃபிஷில் மதிக்கப்படும் பணியாகும். நிரலின் ஒரு வரியை நீக்கியபின்னும் பொறியின் வலிமை குன்றவில்லை எனச் சோதனை காட்டினால், அவ்வரி நீக்கப்படும். அது ஒரு காலத்தில் பயன் தந்திருக்கலாம். பின்வந்த திருத்தங்களால் அதன் தேவை மறைந்திருக்கும். வயலில் களையெடுக்கும் உழவர்க்கு இவ்வுண்மை புதிதன்று.

வந்த சவால்

2017 திசம்பரில் டீப் மைண்ட் நிறுவனம் ‘ஆல்பா ஜீரோ’ என்னும் நிரலைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டது. அந்நிரலுக்கு ஆட்டவிதிகள் மட்டுமே தரப்பட்டன. மனிதர் வகுத்த மதிப்பீடு எதுவுமின்றி, தனக்குத்தானே ஆடி அது கற்றது. ஸ்டாக்ஃபிஷின் எட்டாம் பதிப்போடு நூறு ஆட்டங்கள் ஆடி, 28 வெற்றிகளும் 72 சமன்களும் பெற்றது, ஒன்றிலும் தோற்கவில்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏறத்தாழ 7 கோடி நிலைகளை ஆராய்ந்தது. ஆல்பா ஜீரோவோ 80,000 நிலைகளை மட்டுமே ஆராய்ந்தது. போட்டி நடந்த முறை குறித்து விவாதங்கள் எழுந்தன. எனினும், குறைவாகத் தேடி மிகுதியாக உணரும் வழி ஒன்று உண்டு என்பது புலனாயிற்று.

அவ்வழியைப் பின்பற்றி ‘லீலா செஸ் ஜீரோ’ என்னும் கட்டற்ற பொறி 2018இல் தொடங்கப்பட்டது. ஃபிஷ்டெஸ்டை உருவாக்கிய அதே லின்ஸ்காட்டே இதனையும் தொடங்கினார். 2019இல் பொறிகளுக்கான புகழ்பெற்ற போட்டித்தொடர் ஒன்றின் இறுதிச்சுற்றில் ஸ்டாக்ஃபிஷ் லீலாவை 50.5–49.5 என மயிரிழையில் வென்றது. அதே ஆண்டில் நடந்த அடுத்த இறுதிச்சுற்றில் லீலா 53.5–46.5 என வென்றது. பதினோராண்டு உழைப்பு பின்தங்கிவிடுமோ என்னும் நிலை.

விட்டுக்கொடுத்து வென்றது

விடை சப்பானிலிருந்து வந்தது. ‘ஷோகி’ எனப்படும் சப்பானியச் சதுரங்கத்திற்காக, யு நாசு என்பவர் 2018இல் சிறியதொரு நரம்பியல் வலைப்பின்னலை வடிவமைத்திருந்தார். ஒரு நகர்வில் ஓரிரு காய்களின் இடமே மாறுகிறது. ஆகவே வலைப்பின்னலின் கணக்கு முழுவதையும் மீண்டும் போடாமல், மாறிய பகுதியை மட்டும் திருத்தினால் போதும் என்பது அதன் நுட்பம். இதனால் சிறப்பு வன்பொருளின்றி, சாதாரணக் கணினியிலேயே அது விரைந்து இயங்கியது. ஹிசாயோரி நோடா அதனை ஸ்டாக்ஃபிஷோடு இணைத்துக் காட்டினார்.

2020 செப்டம்பரில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பில் அவ்வலைப்பின்னல் இடம்பெற்றது. பழைய தேடலின் ஆழமும் புதிய மதிப்பீட்டின் நுண்மையும் ஒன்றுசேர்ந்தன. ஸ்டாக்ஃபிஷ் மீண்டும் முன்னணிக்கு வந்தது. போட்டியாளரான லீலா உருவாக்கிய தரவுகளும் பின்னாளில் இவ்வலைப்பின்னலைப் பயிற்றுவிக்கப் பயன்பட்டன. எதிரியாய் நின்ற பொறி ஆசானாகவும் ஆயிற்று.

இம்முன்னேற்றத்திற்கு ஒரு விலை இருந்தது. அரசனின் பாதுகாப்பு, காலாள்களின் அணிவகுப்பு என மனிதர் பல்லாண்டு செதுக்கிய மதிப்பீட்டு விதிகள் படிப்படியாகத் தேவையற்றுப் போயின. 2024இல் வெளிவந்த 16.1 பதிப்பில் அவை முற்றிலும் இல்லை. அவற்றுள் ஒவ்வொரு வரியும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் தேறி வந்தது. ஆயினும், அவை நீங்கியபின்னும் வலிமை குன்றவில்லை எனச் சான்று காட்டியபோது, எழுதியவர்களின் குழுவே அவற்றை நீக்கியது. தம் கையால் கட்டியதைச் சான்றின்முன் விட்டுக்கொடுக்கும் துணிவே அறிவியல் மனப்பான்மை.

மனிதரும் பொறியும்

இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர் அனைவரும் பொறிகளின் துணையோடு பயிற்சி பெறுகின்றனர். எனினும், 2024 திசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று, 18 வயதில் உலக வாகையரான சென்னையின் குகேஷ், தம் தொடக்கப் பயிற்சிக் காலத்தில் பொறிகளைப் பயன்படுத்தாமலே பயின்றார். விடையைப் பிறர் சொல்லக் கேட்பதற்குமுன் தாமே எண்ணிப் பார்க்கும் பழக்கம் அக்காலத்தில் அவருக்கு வாய்த்தது. பொறி சிறந்த நகர்வைக் காட்டும். அந்நகர்வைத் தேடும் உழைப்பை அது எவர்க்கும் கடனாகத் தருவதில்லை.

டூரிங் தாளில் எழுதிய நிரலுக்கும் இன்றைய ஸ்டாக்ஃபிஷுக்கும் இடையிலுள்ள தொலைவு, எண்ணற்ற தோல்விகளால் கடக்கப்பட்டது. எண்ணியதை எழுதுதல், எழுதியதைச் சோதித்தல், தவறியதை விலக்குதல், தேறியதன்மேல் அடுத்ததைக் கட்டுதல் ஆகிய நான்கும் அப்பயணத்தின் படிகள். ஒரு பொறியை வளர்த்த இவ்வொழுங்கு, கற்கும் மனிதர்க்கும் உரியதே.